ஒளியால் உருவந் தீட்டிய ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்

ஆங்கில இலக்கியம் பயில்வோர் டெனிசன் கவிஞரின் முகத்தை அறிவர்; உயிர்நூல் பயில்வோர் டார்வினின் முகத்தை அறிவர்; வானநூல் பயில்வோர் ஸர் ஜான் ஹெர்ஷலின் முகத்தை அறிவர். நூல்களிலும் மண்டபச் சுவர்களிலும் இப்பெரியார்களின் உருவங்களை நாம் பன்முறை கண்டு, இவர் இன்னார் என்று உடனே கூறப் பழகியிருக்கிறோம். ஆயினும் இம்மூவருடைய சிறந்த நிழற்படங்களையும் எடுத்துதவிய கை ஒன்றே என்பதை நம்மிற் சிலரே அறிவர். அக்கை ஒரு பெண்மணியின் கை. 48-ஆம் வயதிலே தனக்கென ஒரு காமிராவைப் பெற்ற கை. பாரத நாட்டிற் பிறந்து, இலங்கையின் மலைச்சாரலில் ஓய்ந்த கை. அவ்வம்மையாரின் வரலாற்றையும், அவர் கைக்கொண்ட கலைமுறையையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஜூலியா மார்கரெட் 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் என்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வங்காள உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சுக் குடிவழியினர். பாட்டில் குடும்பத்துப் பெண்மக்கள் பலரும் அழகுக்குப் பேர்போனவர்கள். அவர்களிடையே ஜூலியா ஒருவரே அழகிற் குறைந்தவர் என்று ஊரார் எண்ணினர். பிறர் முகத்து அழகைத் தேடித் தேடிக் கண்டு அதனை நிலைபெறச் செய்வதையே பிற்காலத்திற் பெருந்தொழிலாகக் கொண்டவர், அழகிகள் நிறைந்த இல்லத்தில் அழகில்லாதவர் எனப் பெயர்பெற்றவர் என்பது நாம் நினைத்துப் பார்க்கத்தக்கது.

அவர் இளமையிற் பெரும்பகுதியைப் பிரான்ஸ் தேசத்தில் பாட்டியாரிடம் இருந்து கல்வி பயின்று கழித்தார். பின்னர் இந்தியாவுக்கு மீண்டார். 1836-ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றி, அது தேறும்பொருட்டுத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்வை முழுதும் மாற்றிய இருவரைச் சந்தித்தார். ஒருவர், தென்வானத்து விண்மீன்களை ஆராயும்பொருட்டு அங்குத் தங்கியிருந்த ஸர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட நிபுணர். இவர் ஜூலியாவினும் 20 ஆண்டு மூத்தவர்.

இக்கேமரனார் தமிழ்மக்களுக்கு முற்றும் அயலார் அல்லர். 1833-இல் இலங்கை ஆட்சி முறை திருத்தியமைக்கப்பட்டபோது அதற்கு அடிப்படையாயிருந்த கோல்புரூக்-கேமரன் விசாரணையில், நீதிமன்றங்களைப் பற்றிய பகுதி இவர் பொறுப்பில் நடந்தது. அதன்பின் மெக்காலேயுடன் இந்தியச் சட்டக் கமிஷனிலும் அங்கத்தினராயிருந்தார். 1838-இல் கல்கத்தாவில் இவ்விருவர்க்கும் திருமணம் நடைபெற்றது.

கல்கத்தாவில் அம்மையார் உயர்ந்த பதவியிலுள்ளவர் மனைவிக்குரிய மதிப்போடு வாழ்ந்தார். அயர்லாந்து தேசத்திற் பெரும்பஞ்சம் நேர்ந்தபோது, அங்கே பசித்தோர்க்கெனப் பெரும்பொருள் திரட்டி அனுப்பினார். ஹெர்ஷலுடன் கடிதப் போக்குவரத்தும் அறாது நடந்தது. ஒளியால் உருவம் பதிக்கும் புதுக்கலை 1839-இல் உலகறிய வெளிப்பட்டபோது, அதன் செய்தியை அம்மையாருக்கு அறிவித்தவர் அவரே. அக்கலையின் தொடக்ககால மாதிரிப் படங்களையும் பின்னர் அனுப்பிவைத்தார். பதிந்த உருவம் வெளிச்சத்தில் மறையாது நிலைக்கும்படி செய்யும் ஹைப்போ உப்பின் குணத்தைக் கண்டறிந்தவரும் அவரே. இங்ஙனம் விதை கல்கத்தாவில் விழுந்தது. அது முளைத்ததோ கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே.

காமிரா வந்த கதை

1848-இல் கேமரன் குடும்பத்தார் இங்கிலாந்துக்குச் சென்றனர். 1860-இல் வைட் தீவில் பிரஷ்வாட்டர் என்னும் கடற்கரை ஊரில் அடுத்தடுத்திருந்த இரண்டு குடில்களை வாங்கி ஒன்றாக இணைத்து, அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். இலங்கை மலைநாட்டில் தமக்கிருந்த காப்பித் தோட்டத்தின் பெயரே அது. டெனிசன் கவிஞர் அவர்களுக்கு அயல்வீட்டார். புலவரும் ஓவியரும் கல்விமான்களும் அவ்வீட்டுக்கு வந்துபோயினர். அம்மையாரோ ஈகையும் விடாப்பிடியும் ஒருங்கே உடையவர். வேண்டாமென்று சொன்னவர்க்கும் பரிசுப்பொருளை வலிந்து கொடுத்தே தீருவார்.

ஆயினும் 1863-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வீட்டில் ஒரு வெறுமை தோன்றிற்று. கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார், மகளுக்கு மணமாகிவிட்டது, புதல்வர்களும் பிரிந்திருந்தனர். தனித்திருக்கும் அன்னைக்குப் பொழுதுபோக்காக அமையட்டும் என்று எண்ணி, மகளும் மருமகனும் அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். பொழுதுபோக்கென்று வந்தது சில வாரங்களுக்குள் வாழ்வின் பெருநோக்கமாக மாறிவிட்டது. கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையாயிற்று; கோழிகள் வெளியேற்றப்பட்டு, கண்ணாடி பதித்த கோழிக்கூடு படமெடுக்கும் மாளிகையாயிற்று.

இக்காலத்தில் கைப்பேசியை எடுத்து ஒரு நொடியிற் படம் பிடிக்கின்ற நமக்கு அக்காலத்து உழைப்பு விளங்குவது அரிது. கொல்லோடியன் என்னும் பிசின் போன்ற கரைசலைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி, தகட்டை நாற்புறமும் சாய்த்து ஒரே சீராகப் பரவச் செய்தல் வேண்டும். அதனை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலர்வதற்குள் காமிராவிற் பொருத்திப் படமெடுத்து, ஈரம் உலர்வதற்குள்ளேயே மீண்டும் இருட்டறைக்கு ஓடி உருத்துலக்கி, பலமுறை நீரிற் கழுவி, வார்னிஷ் பூசுதல் வேண்டும். எங்கேனும் ஒரு தூசி படியினும், ஒரு கை நடுங்கினும் உழைப்பனைத்தும் வீணாம். பின்னர் முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் அத்தகட்டை வைத்து வெயிலிற் காயவிட்டே படத்தின் பிரதி எடுக்கப்படும். வெள்ளி நைட்ரேட்டின் கறையால் அம்மையாரின் விரல்களும் ஆடைகளும் எப்பொழுதும் கறுத்தே இருந்தன. உயர்குடிப் பெண்டிர் கையுறையணிந்து வாழ்ந்த காலத்தில், அவர் அக்கறையோடே விருந்தினரை எதிர்கொண்டார்.

1864 ஜனவரியில் அவ்வூரில் இருந்த ஆனி என்னும் சிறுமியின் உருவம் ஒரு தகட்டிற் குற்றமின்றிப் பதிந்தது. அதுவே தமது முதல் வெற்றி என்று அம்மையார் படத்தின் கீழே எழுதிவைத்தார். மகிழ்ச்சி மேலிட்டு வீடெங்கும் ஓடி, அச்சிறுமிக்குத் தகுந்த பரிசுப்பொருளைத் தேடினாராம். அப்படத்தை ஆக்கியவள் அக்குழந்தையே என்று அவருக்குத் தோன்றிற்றாம். படமெடுப்பவரும் படத்தில் அமர்பவரும் சேர்ந்தே படத்தை ஆக்குகின்றனர் என்னும் அவ்வெண்ணம், அவரது கலை முழுவதற்கும் அடிப்படை எனலாம்.

அம்மையாரின் கலைமுறை

அக்காலத்துத் தொழிலாளர் எடுத்த படங்கள் எத்தகையன? உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டை. அதிலே தலைமுதற் கால்வரை ஓர் உருவம். பின்னே எழுதிய திரைச்சீலை. பக்கத்தில் ஒரு தூண் அல்லது நாற்காலி. சட்டைப் பொத்தானும் கடிகாரச் சங்கிலியும் தெள்ளத் தெளிய விளங்கும். முகமோ ஒரு பயறளவாக இருக்கும். இன்னார் இன்ன உடையணிந்து நின்றார் என்பதை அது காட்டும். அவர் எத்தகையவர் என்பதைக் காட்டாது.

கேமரன் அம்மையார் இவை யாவற்றையும் விலக்கினார். தூணும் இல்லை, திரைச்சீலை ஓவியமும் இல்லை. இருண்ட துணியொன்றைப் பின்னே தொங்கவிட்டு, சால்வையொன்றை அமர்ந்தவர் தோளிற் சுற்றி, காலத்தைக் காட்டும் உடையலங்காரங்களை மறைத்தார். சாளரங்களைத் திரையால் மூடி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியை முகத்தின்மேல் வீழவிட்டார். காமிராவை மிக நெருக்கமாகக் கொண்டுசென்று, முகம் ஒன்றே தகட்டை நிரப்பும்படி செய்தார். படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று அவரிடமில்லை. தகட்டின் அளவே படத்தின் அளவு. ஆதலின் பின்னர் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள தகடுகளைக் கையாண்டு, ஏறக்குறைய உயிருருவின் அளவிலேயே தலைகளைப் பதித்தார்.

இம்முறையால் ஒரு விளைவு தவிர்க்கவொண்ணாததாயிற்று. லென்ஸின் வாயைத் திறந்தபடி வைத்து, அண்மையிலிருந்து எடுத்தமையால், முகத்தின் ஒரு பகுதி கூர்மையாகவும், மற்றப் பகுதி பனிமூட்டத்துள் மறைவதுபோல் மென்மையாகவும் அமைந்தது. ஒளி குறைவாதலின் அமர்ந்தவர் சில நிமிஷம் அசையாதிருக்க நேர்ந்தது. அவர் விட்ட மூச்சும், சிறு அசைவும் படத்திற் கலந்தன. வேறொருவராயின் லென்ஸைத் திருகித் திருகிக் கூர்மையாக்குவர். அம்மையாரோ கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே திருகுவதை நிறுத்திவிட்டார். கொல்லோடியனில் விழுந்த கீறலையும் கறையையும்கூட, முகம் உயிரோடிருக்குமாயின், அவர் பொருட்படுத்தவில்லை.

இதனால் எழுந்த ஏளனம் சிறிதன்று. 1864-இலேயே லண்டன் நகரத்துப் புகைப்படச் சங்கத்தில் அவர் அங்கத்தினரானார். ஆனால் அத்துறைப் பத்திரிகைகள், இவ்வம்மையாருக்குக் காமிராவைக் கையாளவே தெரியவில்லை என்று எழுதின. பெண்ணென்பதாலும், முறையாகப் பயிலாதவர் என்பதாலும் பரிகாசம் இரட்டித்தது. அதே காலத்தில் படமெடுத்து வந்த லூயிஸ் கரோலும் இம்மங்கலான முறையை விரும்பவில்லை. மறுபுறம், ஓவியர் வாட்ஸ் அவரை ஊக்கினார். பெர்லின் நகரில் நிகழ்ந்த கண்காட்சி 1865-இல் வெண்கலப் பதக்கமும் 1866-இல் பொற்பதக்கமும் அளித்தது. தென் கென்சிங்டன் காட்சிசாலைத் தலைவர் ஹென்றி கோல் 1865-இல் அவருடைய படங்களை விலைக்கு வாங்கினார். 1868-இல் அக்காட்சிசாலையின் இரண்டு அறைகளையே படமெடுப்பதற்கு விட்டுக்கொடுத்தார்.

இவ்விரு கட்சியாருள் உண்மை எவர் பக்கம்? கூர்மை குறைந்த படங்கள் அவரிடம் பல உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. சில படங்கள், முக்கியமாகச் சிறுவர்க்குச் சிறகு கட்டித் தேவதூதராக்கியவை, இன்று நமக்கு நாடக வேஷமாகவே தோன்றுகின்றன. ஆனால் தலையொன்றையே தனித்தெடுத்த படங்களைக் காணுங்கால், அளவுகோலால் அளக்கும் உண்மை வேறு, அகத்தை உணர்த்தும் உண்மை வேறு என்பது விளங்கும். பின்னதைப் பெறும்பொருட்டு முன்னதிற் சிறிது இழக்க அவர் அஞ்சவில்லை.

பெரியோர் முகங்கள்

1865-இல் எடுத்த டெனிசன் படம் ஒன்றில், கவிஞர் கலைந்த தலையும் கரடான மேலங்கியுமாகக் கையில் நூலோடு காணப்படுகின்றார். அதற்கு அழுக்குத் துறவி என்று வேடிக்கையாகப் பெயரிட்டவர் கவிஞர் தாமே. அதனை அவர் மிக விரும்பினார். அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோவை 1868-இல் அம்மையாரிடம் அழைத்துவந்து விட்டவரும் அவரே. அவ்வாண்டுக் கோடையில் டார்வின் குடும்பத்தோடு பிரஷ்வாட்டரில் தங்கினார். அப்பொழுது எடுத்த படத்தில் நெற்றியின்மேலும் வெண்தாடியின்மேலும் ஒளி வீழ்கின்றது. கண்களோ நிழலினுள் ஆழ்ந்து எதையோ நோக்குகின்றன. தம் படங்களுள் அதுவே தமக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் தெரிவித்தார்.

எல்லாவற்றுள்ளும் தலைசிறந்தது ஹெர்ஷலின் படம் என்பது நம் கருத்து. 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அம்மையார் தம் பெருங்காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்துகொண்டு கெண்ட் மாகாணத்திலிருந்த அவர் இல்லத்துக்கே சென்றார். 75 வயது முதியவரான அவரைத் தலைமயிரைக் கழுவச்செய்து, அது வெண்ணொளி வட்டம்போற் சிலிர்த்து நிற்கும்படி கலைத்துவிட்டார். இருளிலிருந்து எழும் அம்முகத்தில், வாழ்நாளெல்லாம் விண்மீன்களை நோக்கிய கண்கள் ஈரம்பொதிந்து நம்மை நோக்குகின்றன. ஒளியைப் பதியவைத்து நிலைநிறுத்தும் வழியை உலகுக்குக் காட்டிய ஆசிரியரை, அவ்வழியினாலேயே மாணவி நிலைநிறுத்தினார். குருதட்சிணை இதனினும் பொருத்தமாக அமைதல் அரிது.

புகழ்பெற்றோர் மட்டுமே அவர் முன் அமர்ந்தனர் என்று கருதலாகாது. வீட்டுப் பணிப்பெண்களும் மீன்பிடிப்போரும் வழிப்போக்கரும் அமர்ந்தனர். பணிப்பெண் மேரி ஹில்லியர் பலமுறை கன்னித்தாயின் கோலத்தில் அமர்ந்தாள். அம்மையாரின் உடன்பிறந்தாள் மகள் ஜூலியா ஜாக்ஸனின் முகம் எவ்வித வேடமுமின்றி 1867-இற் பதிக்கப்பட்டது. பிற்காலத்து நாவலாசிரியை வர்ஜீனியா உல்ப் அவருடைய மகளாவார்.

இவர்களுள் மேரி ரயான் என்பவளின் கதை நமக்குச் சிறப்பாக உரியது. லண்டன் அருகே பட்னி வெளியில் தாயோடு பிச்சையெடுத்து நின்ற அயர்லாந்துச் சிறுமி அவள். அம்மையார் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்துக் கல்வியும் அளித்தார். அவளுடைய படம் லண்டன் கடையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதனைக் கண்ட ஓர் இளைஞர் மனம் பறிகொடுத்தார். 1867-இல் அவளையே மணந்தார். அவ்விளைஞர் பிற்காலத்தில் ஸர் ஹென்றி காட்டன் எனப் பெயர்பெற்று, 1904-இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசீய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த ஊர் எது? நம் காவிரிக்கரைக் கும்பகோணமே.

கடனும் கடைசி முயற்சியும்

அம்மையாரின் படங்கள் விலைபோயின. எனினும் வரவைச் செலவு விழுங்கிற்று. ஒவ்வொரு தகடும் மருந்தும் பொருள் தின்பன, பழுதானவையோ மிகப்பல. இலங்கைக் காப்பித் தோட்டங்களிலிருந்து வரவேண்டிய வருமானமும் நிலையாக வரவில்லை. 1869-இல் அத்தீவிற் காணப்பட்ட இலைநோய் காப்பிச் செடிகளை நாளடைவில் அழிக்கத் தொடங்கிற்று. தம் படங்களைப் பிறர் களவாகப் பெருக்காதிருக்கும் பொருட்டு, 500-க்கு மேற்பட்டவற்றை உரிமைப்பதிவு செய்துகொண்டார். பொழுதுபோக்காகப் படமெடுத்த சீமாட்டி அல்லர் அவர்; தம் உழைப்பின் விலையை அறிந்திருந்தார்.

1874-இல் டெனிசன் தமது ஆர்தர் மன்னர் காவியத்துக்குப் படங்கள் வேண்டினார். அம்மையார் நண்பரையும் பணியாளரையும் மன்னராகவும் அரசியாகவும் நிறுத்தி, நூற்றுக்கணக்கான தகடுகளைச் செலவிட்டார். அச்சிட்ட நூலில் அவை மரச்செதுக்குப் படங்களாகச் சிறுத்துத் தோன்றக் கண்டு மனம் அமையாது, பெரிய அளவிலேயே தமது பொறுப்பில் வேறொரு பதிப்பு வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தம் கலைவாழ்வின் வரலாற்றை எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை.

இலங்கையில் இறுதி நாட்கள்

1875-இல் முதிய கணவரின் விருப்பத்திற்கிணங்கி, புதல்வர்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். பயணத்தில் ஒரு பசுவையும், தமக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர் என்பர். அங்கே நல்ல நீரும் தாளும் மருந்தும் கிடைத்தல் அரிதாயிற்று. வெப்பத்தில் கொல்லோடியன் விரைந்து உலர்ந்தது. அத்தீவில் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1877-இல் களுத்துறைக்கு வந்த தாவர ஓவியர் மேரியான் நார்த் அம்மையாரையும் அவர் படமெடுத்தார். மற்றவை அவ்விடத்துக் குடியானவர்களும் பணியாளர்களும் தோட்டத்து மக்களும் அமர்ந்த படங்கள்.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அம்மலைத் தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் தென்தமிழ் நாட்டு ஊர்களிலிருந்து பஞ்சத்தால் உந்தப்பட்டு மன்னார் வழியே நடந்து சென்ற நம்மவர்கள். டெனிசனுக்கும் டார்வினுக்கும் காட்டிய அதே நெருக்கத்தையும் பொறுமையையும் அம்மையார் இத்தீவின் எளியவர்க்கும் காட்டினார் என்பதில் ஐயமில்லை; அவர்கள் முகங்களில் அதே பெருமிதம் விளங்குகின்றது. ஆயினும் டெனிசன் படத்தின் கீழ் டெனிசன் பெயர் உண்டு. இலங்கையில் அமர்ந்த பெண்ணின் படத்தின் கீழ்ப் பெண் என்றும், குடியானவர் படத்தின் கீழ்க் குடியானவர் என்றும் மட்டுமே உண்டு. முகத்தை நிலைநிறுத்திய கலை பெயரை விட்டுவிட்டது. அந்தத் தோட்டத்து வருவாயே பிரஷ்வாட்டரில் கண்ணாடித் தகடுகளுக்கும் துணைநின்றது என்று எண்ணுங்கால், இக்குறை நம் நெஞ்சில் மேலும் உறுத்துகின்றது. புகழை உரைப்பதோடு இதனையும் உரைப்பதே நடுவுநிலைமையாம்.

1878-இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட அம்மையார், 1879-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள் திக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் உயிர்நீத்தார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு காலமான கணவரும் அவர் அருகே துயில்கின்றார்.

பின்வந்த புகழ்

இறந்த பின் அவர் பெயர் பல்லாண்டு மங்கிக் கிடந்தது. 1926-இல் வர்ஜீனியா உல்பும் கலைவாணர் ரோஜர் பிரையும் முன்னுரைகள் எழுதி அவர் படங்களை ஒரு நூலாக வெளியிட்டனர். 1948-இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் அவர் வரலாற்றை நூலாக்கினார். ஹெர்ஷலுக்கு 1864-இல் அவர் அன்பளிப்பாக அளித்த படத்தொகுதி வெளிநாட்டுக்கு விலைபோகவிருந்த தருணத்தில், 1975-இல் பொதுமக்கள் பொருளுதவியால் பிரிட்டனிலேயே நிறுத்தப்பட்டது. 2003-இல் வெளிவந்த முழு அட்டவணையில் அவர் எடுத்த படங்கள் 1,200-க்கு மேற்பட்டவை குறிக்கப்பட்டுள்ளன. இவையனைத்தும் ஏறக்குறைய 15 ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. இடிக்கப்படவிருந்த டிம்போலா இல்லமும் காப்பாற்றப்பட்டுக் காட்சிசாலையாயிற்று. பரிகசித்த பத்திரிகைகளின் பெயரை இன்று தேடித்தான் அறிதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு. கற்கத் தொடங்குதற்குக் காலங்கடந்துவிட்டதென்று சோம்புவோர்க்கு, கோழிக்கூட்டைக் கலைமாளிகையாக்கிய அம்மையார் விடையாக நிற்கின்றார். அஃது ஒன்று. மற்றது, ஒருவர் முகத்தை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பது. உடையையும் பதவியையும் நீக்கி, அருகே சென்று, அவசரமின்றி நோக்கும் நோக்கம் எளிதில் வாய்ப்பதன்று. நாள்தோறும் நூறு படங்கள் எடுக்கும் நாம், அவற்றுள் ஒரு முகத்தையேனும் சில நிமிஷம் அவ்வாறு நோக்குகின்றோமா? நோக்குவோமாயின், அம்முகத்துக்குரியவரின் பெயரையும் மறவாது எழுதிவைப்போமாக.